வண்டிக்குள் பாட்டு பிறந்த கதை

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் நாமக்கல் போகும் தனியார் பஸ்கள் நிற்கும் பக்கம் கொஞ்ச நேரம் நின்றால் ஒரு விஷயம் கண்ணில் படும். புறப்படத் தயாராக இருக்கும் பஸ்ஸை விட்டுவிட்டு, "அடுத்த வண்டியில பாட்டு நல்லா இருக்கும்" என்று காத்திருப்பவர்கள் உண்டு. மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான வழி அது. அந்த வழியில் ஓடும் ஒரு பஸ்ஸுக்குப் பேர் வாங்கிக் கொடுப்பதில் வேகத்துக்கு எவ்வளவு பங்கோ, பாட்டுச் செட்டுக்கும் அவ்வளவு பங்கு.

பஸ்ஸை விட்டு இறங்கினால் லாரி. நாமக்கல் லாரி ஊர். கம்பெனியிலிருந்து வெறும் சேசிஸாக வரும் வண்டிக்கு இங்கே பட்டறையில் பாடி கட்டுகிறார்கள். கேபினும் பல காலம் இங்கேதான் கையால் கட்டப்பட்டது. கண்ணாடிக்கு மேலே ஒரு பலகை, அதில் சாமி படங்கள், வண்ண விளக்குச் சரம், இரண்டு மூலையிலும் ஒவ்வொரு ஸ்பீக்கர். குவாஹாட்டிக்கோ லூதியானாவுக்கோ போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகும் ஓட்டுநருக்கு அந்த இரண்டு ஸ்பீக்கர்தான் ஊர்.

இந்தப் பாட்டு வண்டிக்குள் எப்படி வந்தது என்று தேடிப் போனால் ஒன்று தெளிவாகிறது. நல்ல சத்தம் வாட்டில் வந்ததே இல்லை. வண்டியோடு மல்லுக்கட்டித்தான் வந்திருக்கிறது. வண்டி ஆடும், சூடாகும், இரையும். அதன் மின்சாரம் ஒரு நிலையில் நிற்காது. இன்று ஒரு காரில் பொருத்தும் ஆம்ப், கன்வெர்ட்டர், தடித்த கேபிள், கதவுக்குள் ஒட்டும் ஷீட் எல்லாமே வண்டி கொடுத்த ஏதோ ஒரு தொல்லைக்குப் பதிலாகப் பிறந்தவை. அந்தத் தொல்லை எதுவென்று தெரியாமல் பொருளை மட்டும் வாங்கிப் போடுவதால்தான் பெரும் பணம் செலவழித்த வண்டிகளில் வெறும் கூச்சல் கேட்கிறது.

முதல் தொல்லை இன்ஜினிலிருந்து வந்தது. 1928-இல் சிகாகோவில் பால் கால்வின், தம்பி ஜோசப்புடன் சேர்ந்து ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். பேட்டரியில் ஓடும் வீட்டு ரேடியோவை வீட்டு மின்சாரத்திலேயே ஓட்ட உதவும் கருவி அவர்களுடைய சரக்கு. மறு ஆண்டு அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தது; விற்பனையும் விழுந்தது. புதிதாக ஏதாவது செய்தாக வேண்டிய நிலையில் காரில் ரேடியோ என்ற எண்ணத்தைப் பிடித்துக்கொண்டார் கால்வின். காரில் ரேடியோ வைத்துப் பார்த்தவர்கள் அதற்கு முன்பும் உண்டு. ஆனால் அவை விலையும் பெரிது, இன்ஜினை ஓடவிட்டால் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்டது.

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு தடவை பொறி விடும்போதும் அந்தப் பொறி ரேடியோ அலையையும் சேர்த்து வீசும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான பொறிகள். பக்கத்திலேயே இருக்கும் ரேடியோவுக்கு நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையத்தைவிட அந்தப் பொறிதான் பலமாகக் கேட்கும். கால்வினோடு வேலை செய்த எல்மர் வேவரிங், வில்லியம் லியர் போன்ற இளைஞர்கள் இந்த இரைச்சலை ஒவ்வொரு இடமாகத் தேடிப் பிடித்து அடக்கினார்கள். பிளக் கம்பியில் ரெசிஸ்டர், ஜெனரேட்டரில் கண்டென்சர், ரேடியோவைச் சுற்றி உலோகக் கூடு, நல்ல எர்த். 1930 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர் மாநாடு நடந்தது. கால்வின் தன் ஸ்டூடிபேக்கர் காரில் ரேடியோவைப் பொருத்தி அங்கே ஓட்டிப்போனார். உள்ளே கடை போட இடம் இல்லை. காரை வெளியே நிறுத்திச் சத்தத்தைக் கூட்டிவைத்தார். போகிறவர் வருகிறவர் நின்று கேட்டார்கள், ஆர்டர் கிடைத்தது. அதற்கு அவர் வைத்த பெயர்தான் மோட்டரோலா. பின்னால் நிறுவனத்துக்கே அது பெயராகிவிட்டது.

அதைப் பொருத்துவது பெரிய பாடு. டாஷ்போர்டைப் பிரிக்க வேண்டும். கூரைத் துணியைக் கிழித்து உள்ளே ஏரியல் வைக்க வேண்டும். ரேடியோவின் வால்வுகளுக்கு உயர் வோல்ட் தேவை என்பதால் தனி பேட்டரிகள் வைக்கத் தரைப் பலகையை வெட்ட வேண்டும். விலை 110 டாலருக்கு மேல். ஜெர்மனியில் இரண்டு ஆண்டு கழித்து வந்த பிளாவ்புங்க்ட் கார் ரேடியோ 15 கிலோ எடை; காரின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதன் விலை. அந்தக் காலத்து ஸ்பீக்கர்களில் நிலைகாந்தம்கூடக் கிடையாது. கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ச்சித்தான் காந்தத்தை உண்டாக்கினார்கள். அதற்கும் பேட்டரியிலிருந்தே கொடுக்க வேண்டும். நம் பக்கம் அதே 1930-களில்தான் டி.ஆர். சுந்தரம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். பாட்டைப் பதிவு செய்யும் தொழில் சேலத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. அந்தப் பாட்டு வண்டிக்குள் நுழைய இன்னும் நாற்பது ஆண்டு ஆயிற்று.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1947-இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. 1955-இல் கிரைஸ்லர் காருக்காக ஃபில்கோ நிறுவனம் வால்வே இல்லாத கார் ரேடியோவைக் கொடுத்தது. உயர் வோல்ட் தேவை போயிற்று, சூடு குறைந்தது, பெட்டி சிறுத்தது. அதே காலத்தில் கிரைஸ்லர் காருக்குள் இசைத்தட்டுக் கருவியையும் வைத்துப் பார்த்தது. மெதுவாகச் சுழலும் தனித் தட்டுகள், கனமான ஊசி. விருப்பமான பாட்டை வண்டியில் கேட்கலாம் என்ற ஆசை அப்போதே இருந்தது. தட்டு அதற்கேற்ற வடிவமில்லை, சில ஆண்டுகளில் நின்றுபோனது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் காட்டிய கேசட்டுதான் அந்த ஆசையைத் தீர்த்தது. லூ ஓட்டன்ஸ் தலைமையில் பெல்ஜியத்தின் ஹாசெல்ட்டில் உருவானது அது. சட்டைப் பையில் அடங்கும், குண்டும் குழியுமான ரோட்டிலும் ஓடும். 1968-இல் அதே பிலிப்ஸ் கேசட் வசதியுள்ள கார் ரேடியோவைக் கொண்டுவந்தது.

நம் பக்கம் வண்டிப் பாட்டு வந்தது கேசட் வழியாகத்தான். ரேடியோவில் நிலையம் கொடுப்பதைத்தான் கேட்க வேண்டும். சேலம் எல்லை தாண்டினால் அதுவும் கரகரக்கும். கேசட் ஓட்டுநரின் சொந்தச் சொத்து. 1980-களில் சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு என்று எந்த ஊர் பஜாருக்குப் போனாலும் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. நோட்டுத் தாளில் வரிசையாகப் பாட்டின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாள் கழித்து 60 அல்லது 90 நிமிட கேசட்டில் பதிந்து தருவார்கள். அந்த வரிசையில்தான் ஓட்டுநரின் ரசனை இருந்தது. காலை முதல் நடைக்கு பக்திப் பாட்டு, உச்சி வெயிலுக்கு வேகமான பாட்டு, கடைசி நடைக்கு மெலடி. இளையராஜா 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்தவர். கேசட் ஊர் ஊராகப் பரவியபோது அவர் பாட்டுகளும் கூடவே பரவின. தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் திரைப்பாடல்கள் என்று 1978-இல் வந்த 'பிரியா' படப் பாடல்களைச் சொல்வார்கள். இடது வலது என்று பிரிந்து கேட்கும்படியான பாட்டு வந்துவிட்டது. இரண்டு ஸ்பீக்கர் வைப்பதற்கு அழகு தவிர வேறு காரணமும் கிடைத்தது.

பஸ்ஸிலும் லாரியிலும் ஓடுவது டீசல் இன்ஜின். அதில் ஸ்பார்க் பிளக் இல்லை. கால்வின் ஆட்களைத் தூங்கவிடாத பொறி இரைச்சல் நமக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது.

பெரிய லாரி, பஸ்களின் மின்சாரம் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாக இணைத்திருப்பார்கள். கடையில் கிடைக்கும் கார் செட்டோ 12 வோல்ட். என்ன செய்வது? நடுவிலிருந்து ஒரு கம்பி எடுத்து ஒற்றைப் பேட்டரியில் செட்டைப் போட்டுவிடுவது சுலபமான வழி. பாட்டு அழகாகப் பாடும். ஆனால் இன்ஜினில் இருக்கும் ஆல்டர்னேட்டருக்கு இந்த விஷயம் தெரியாது. இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து 28 வோல்ட் வந்ததா என்று மட்டும்தான் அது பார்க்கும். செட்டு குடிக்கும் பேட்டரி பாதி காலியாக இருக்கும், மற்றது நிறைந்திருக்கும். மொத்தக் கணக்கு சரியாக வரும்போது நிறைந்த பேட்டரிக்கு அளவுக்கு மீறி சார்ஜ் ஏறித் தண்ணீர் வற்றும். காலிப் பேட்டரி என்றைக்கும் முழுசாக ஏறாமல் தகடு கெட்டுப்போகும். சில மாதத்தில் ஒன்று படுத்துவிடும், அடுத்ததும் பின்னாலேயே போகும். ஓட்டுநர் பேட்டரிக் கம்பெனியைத் திட்டுவார். பாட்டுச் செட்டின் மீது யாருக்கும் சந்தேகம் வராது.

இதற்குத் தீர்வு 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர். இரண்டு பேட்டரியிலும் சமமாக எடுத்து 12 வோல்ட்டைக் கொடுக்கும். விலை ஒரு பேட்டரியின் விலையில் சின்னப் பகுதிதான். லாரியில் நல்ல பாட்டு வேண்டும் என்று கேட்கிறவரிடம் ஸ்பீக்கரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைப் பற்றிப் பேசும் ஆட்டோ எலக்ட்ரீசியனை நம்பலாம்.

அடுத்தது வாட் கணக்கு. இதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் ஆம்ப் போர்டு அசெம்பிள் செய்து பழகிய எவரிடமும் '4440' என்று சொன்னால் போதும், முகம் மலரும். சான்யோ நிறுவனத்தின் எல்ஏ4440 என்ற ஐசி அது. சென்னை ரிட்சி தெருவிலிருந்து மாவட்டத் தலைநகர் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் வரை எல்லா இடத்திலும் கிடைத்தது. டேப் செட்டிலும், ஆட்டோவிலும், டீக்கடையிலும், பஸ்ஸிலும் பாடியது. அதன் அளவு இரண்டு சேனலுக்கும் தலா 6 வாட். இரண்டையும் சேர்த்து ஒரே சேனலாக இணைத்தால் 19 வாட். இந்த 6-க்கும் 19-க்கும் பின்னால் வண்டியின் பேட்டரி இருக்கிறது. வண்டி ஓடும்போது கிடைப்பது 13, 14 வோல்ட். அதற்குள்தான் ஒலியின் அலை மேலும் கீழும் ஆட முடியும். 4 ஓம் ஸ்பீக்கரில் அந்த ஆட்டத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 6 வாட். ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் எதிரெதிராக ஆட்டினால் சுமார் 20 வாட். எவ்வளவு கெட்டிக்கார ஐசியாக இருந்தாலும் பேட்டரி வோல்ட்டை உயர்த்தாமல் இந்த எல்லையைத் தாண்ட முடியாது.

இன்று டாஷ்போர்டில் வைக்கும் செட்டின் முகத்தில் '50 வாட் × 4' என்று எழுதியிருக்கும். அலையின் உச்சியெல்லாம் வெட்டுப்பட்டுப் பாட்டு கிழியும் நிலையில் அளந்த எண் அது. தெளிவாகப் பாடும்போது உண்மையான கணக்கு 20 வாட்டுக்குப் பக்கத்தில்தான். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. மூடிய காருக்குள் சாதாரணமாகக் கேட்க அது தாராளம். அந்த உச்சி வெட்டுப்படுவதுதான் ஆபத்து. சத்தத்தை முழுக்கத் திருகி வைத்தால் வெட்டுப்பட்ட அலை, கீச்சு ஒலிக்கான ட்வீட்டரை எரித்துவிடும். பெரிய ஆம்ப்பில் எரிந்த ஸ்பீக்கர்களைவிடச் சின்ன ஆம்ப்பை வதைத்து எரிந்தவைதான் அதிகம் என்பது என் கணிப்பு.

அந்த 20 வாட் எல்லையை உடைக்கப் பிறந்ததுதான் தனி ஆம்ப்ளிஃபையர். அமெரிக்காவின் அரிசோனாவில் ஜிம் ஃபாஸ்கேட் 1970-களில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். ராக்ஃபோர்ட் ஃபாஸ்கேட் என்ற பெயர் இன்றும் கடைகளில் இருக்கிறது. ஆம்ப்புக்குள் ஒரு மின்மாற்றி உட்கார்ந்து 12 வோல்ட்டை மேலே உயர்த்தும். பிறகு வாட் எவ்வளவு வேண்டுமானாலும் வரும். ஆனால் அதற்கான மின்சாரம் பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். 300 வாட் உண்மையாகக் கொடுக்கும் ஆம்ப் சத்தம் கூடும் நேரத்தில் 40 ஆம்பியர் கேட்கும். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை 5 மீட்டர் இழுத்து அதில் கொடுத்தால் ஏறத்தாழ 1.4 வோல்ட் வழியிலேயே தொலையும், கம்பியும் சுடும். 21 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் இழப்பு அதில் எட்டில் ஒரு பங்குதான். செம்பு என்று சொல்லி மேலே மட்டும் செம்பு பூசிய அலுமினியக் கம்பி நிறைய விற்கிறது. ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளை தெரிந்துவிடும். ஃபியூஸ் ஆம்ப் பக்கம் இருந்தால் மட்டும் போதாது, பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள்ளும் ஒன்று இருக்க வேண்டும். நடுவழியில் கம்பி தேய்ந்து பாடியில் பட்டால் வண்டியைக் காப்பாற்றுவது அந்த ஃபியூஸ் ஒன்றுதான். இதைத் தவிர்த்துவிட்டு மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய் எந்தக் காலத்திலும் மிச்சம் ஆகாது.

கால்வினோடு அலைந்த அந்த வேவரிங் பிற்காலத்தில் மோட்டரோலாவில் பெரிய பொறுப்புக்கு வந்தார். காருக்கு ஆல்டர்னேட்டரைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் என்றும் அவரைச் சொல்வார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'கிய்ய்' என்று ஏறும் சத்தம் இன்று வருவது அந்த ஆல்டர்னேட்டரிலிருந்துதான். பெரும்பாலும் எர்த்தில்தான் கோளாறு. செட்டுக்கு ஓரிடத்தில் எர்த், ஆம்ப்புக்கு வேறிடத்தில் எர்த் என்று இருந்தால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சின்ன வோல்ட் வித்தியாசம் பாட்டோடு கலந்துவிடும். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்கிய குட்டையான எர்த், பவர் கேபிள் ஒரு பக்கம், பாட்டுக் கம்பி எதிர்ப்பக்கம். இதற்கும் அடங்கவில்லை என்றால்தான் ஃபில்டரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இனி ஸ்பீக்கர். நாம் இன்று கேட்கும் ஸ்பீக்கரின் வடிவத்தை 1925-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெலாக்கும் வகுத்தார்கள். காந்த இடுக்கில் ஆடும் சுருள், அதோடு ஒட்டிய கூம்பு. அவர்கள் இன்னொன்றையும் எடுத்துக் காட்டினார்கள். கூம்பு முன்னே தள்ளும்போது பின்னால் காற்று இழுபடும். முன்னால் பிறக்கும் அலையும் பின்னால் பிறக்கும் அலையும் நேர் எதிர். இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முதலில் அழிவது பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி. ஆகவே ஸ்பீக்கரின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரு சுவர் பிரிக்க வேண்டும்.

காரில் அந்தச் சுவர் எது? கதவு. கதவின் உள்தகட்டில் கம்பெனிக்காரர் கண்ணாடி இயந்திரத்தைப் பழுது பார்க்க விட்ட பெரிய ஓட்டைகள் இருக்கும், பிளாஸ்டிக் தாள் ஒன்று அவற்றை மூடியிருக்கும். பின்னால் பிறக்கும் அலை அந்த ஓட்டை வழியாக வந்து முன்பக்க அலையைத் தின்றுவிடும். பேஸ் இல்லையே என்று புது ஸ்பீக்கர் வாங்குவார்கள், அதிலும் வராது. பிறகு டிக்கியில் ஊஃபர் வாங்குவார்கள். தவிலின் குடத்தை ஒரே பலாமரக் கட்டையில் குடைவது ஏன் என்று யோசித்தால் இது புரியும்: அடி வாங்கும் தோல் மட்டும் ஆட வேண்டும், மற்றது அசையக் கூடாது. கதவுத் தகடு அதற்கு நேர்மாறு, ஸ்பீக்கரோடு சேர்ந்து தானும் ஆடும். வெளித்தகட்டின் உள்பக்கம் பியூட்டைல் ரப்பர் ஷீட்டை உருளை வைத்து அழுத்தி ஒட்டி, உள்தகட்டு ஓட்டைகளை அடைத்து, ஸ்பீக்கரைத் தடித்த வளையத்தின் மீது நட்டுப் போட்டு இறுக்கினால் கம்பெனி கொடுத்த பழைய ஸ்பீக்கரே வேறு மாதிரி பாடும். கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது. நம் ஊர் வெயிலில் தார் கலந்த மலிவு ஷீட் உருகி வழியும், நாற்றமும் அடிக்கும், பியூட்டைல்தான் வேண்டும்.

இந்த வேலைக்கு இன்னொரு பலனும் உண்டு. டயரும் ரோடும் எழுப்பும் இரைச்சல் பெரும்பாலும் கனத்த, தாழ்ந்த ஒலி. அது பாட்டின் பேஸைத்தான் முதலில் மூடும். அதனால்தான் வண்டி ஓட ஓட பேஸ் குமிழைத் திருகத் தோன்றுகிறது. கதவு அமைதியானால் குமிழைத் தொட வேண்டியிருக்காது. 1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர், சத்தம் குறையும்போது மனிதக் காதுக்கு பேஸ்தான் முதலில் மங்கும் என்று அளந்து காட்டினார்கள்; செட்டில் 'லவுட்னஸ்' பட்டன் வந்தது அதனால்தான். அதை மெதுவாகக் கேட்கும்போது மட்டும் போட வேண்டும்.

அம்பாசடர், ஃபியட் காலத்திலிருந்து பின் கண்ணாடிக்குக் கீழே ஓவல் ஸ்பீக்கர் வைப்பது நம் வழக்கம். இடம் சுலபமாகக் கிடைத்தது, டிக்கி முழுக்க அதற்குப் பெட்டியாக உதவியது. ஆனால் பாடகர் நமக்கு முதுகுப் பக்கம் நின்று பாடுவார். கச்சேரியை யாரும் மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்பதில்லை. முன்கதவு ஸ்பீக்கருக்குப் பணத்தில் பெரும்பங்கைக் கொடுத்துவிட்டு, பின்னால் இருப்பதை அடக்கி வாசிக்கவிட வேண்டும்.

கார் முழுவதையும் ஓர் அரங்கமாக நினைத்து அளந்தவர் என்று அமர் போஸைச் சொல்ல வேண்டும். வங்காளத்திலிருந்து போன தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்தவர், எம்ஐடி பேராசிரியர். அவருடைய நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து 1983 மாடல் காடிலாக் முதலிய கார்களில், அந்தந்தக் காரின் கண்ணாடி, இருக்கை, கூரை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து வடிவமைத்த செட்டைக் கொண்டுவந்தது. காரில் யாரும் நடுவில் உட்கார முடியாது என்பதுதான் அடிப்படைச் சிக்கல். நம் நாட்டில் ஓட்டுநருக்கு வலது ஸ்பீக்கர் பக்கம், இடது தூரம். 60 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் வலதுபக்கச் சத்தம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குக்கும் சற்று அதிகமாக முந்தி வரும். காதுக்கு அது போதும். முந்தி வந்த பக்கம்தான் பாட்டு இருக்கிறது என்று மூளை முடிவுகட்டிவிடும். 1949-இல் ஹெல்முட் ஹாஸ் என்பவர் இதை விரிவாக ஆராய்ந்தார். இன்றைய செட்டுகளில் 'டைம் அலைன்மென்ட்' என்று இருப்பது அருகில் உள்ள ஸ்பீக்கரை அந்தச் சிறு நேரம் காக்க வைப்பது. டேப் எடுத்துக் காதிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தூரம் அளந்து எண்ணைப் போட்டால் பாடகர் கண்ணாடிக்கு நேரே வந்து நிற்பார். விலை உயர்ந்த செட்டுகளுக்கு மட்டும் இருந்த இந்த வசதி இப்போது நடுத்தர விலைக்கே வந்துவிட்டது. வாங்கியவர்களில் பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பதுதான் ஆதங்கம்.

பஸ்ஸின் கணக்கு வேறு. பஸ்ஸில் முன்னுக்கும் பின்னுக்கும் 10 மீட்டர். டிரைவர் பக்கத்து ஸ்பீக்கரின் சத்தம் கடைசி சீட்டுக்கு வர நொடியில் நூற்றில் மூன்று பங்கு ஆகும். அவ்வளவு பிந்தினால் அது எதிரொலியாகக் கேட்கத் தொடங்கும் எல்லை. முன்னால் இரண்டு பெரிய பெட்டியை அலறவிட்டால் முன்சீட்டுக்காரருக்குக் காது வலிக்கும், பின்சீட்டுக்காரருக்கு வரி புரியாது. வரிசை வரிசையாகச் சிறு ஸ்பீக்கர்களை மெல்லப் பாடவிட்டால் ஒவ்வொருவருக்கும் பக்கத்து ஸ்பீக்கரே போதும். இடது வலது பிரிவையும் பஸ்ஸில் கைவிடலாம். இடது ஜன்னலோரம் இருப்பவருக்குப் பாதிப் பாட்டு மட்டும் கேட்பதில் என்ன நியாயம்? பெயரெடுத்த வண்டிகளில் கூர்ந்து கேட்டுப் பாருங்கள், சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

ஒரு நாளில் பல நடை ஓட்டும் டிரைவர், கண்டக்டர் காதுகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது தொழிலிடங்களுக்கு நிபுணர்கள் வகுத்த எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். இன்ஜின் இரைச்சலே அந்த எல்லையைத் தொடக்கூடிய வண்டிகளில் அதற்கும் மேலே பாட்டை ஏற்றுவது அவர்கள் செவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது. லாரி ஓட்டுநருக்கு இன்னொன்று: பின்வண்டி ஹாரன் கேட்க வேண்டும், டயரின் சத்தம் மாறினால் கேட்க வேண்டும்.

செட்டைப் பொருத்தி முடித்தவுடன் செய்ய வேண்டிய இரண்டு சோதனைகளைக் கடைக்காரர் எதிரிலேயே செய்துவிடலாம். ஒரு பென்டார்ச் செல்லைப் பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று ஸ்பீக்கர் கம்பியில் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். எல்லா ஸ்பீக்கரும் ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒன்று உள்ளே போனால் கம்பி மாறியிருக்கிறது, இரண்டும் சேர்ந்து பேஸை அழிக்கும். அடுத்து, செட்டின் சத்தத்தை முக்கால் பங்கு வைத்து, ஆம்ப்பின் 'கெய்ன்' குமிழைக் கீழிருந்து மெல்லக் கூட்டி, குரல் கிழியத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்த வேண்டும். கெய்ன் என்பது வால்யூம் கிடையாது. அதை முழுக்கத் திருகினால் ஆம்ப் அதிகம் கொடுக்காது; கிழிவும் இரைச்சலும்தான் முந்திவரும்.

இப்போது நாமக்கல்லில் ஒரு மாற்றம் நடக்கிறது. 2025 முதல் புதிதாக வரும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டிய காலத்தில் காற்றின் இரைச்சலை மீறிப் பாட வேண்டியிருந்தது. ஏசிக்காகக் கண்ணாடி மூடும்போது அந்த இரைச்சல் பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். முன்பு அலற வேண்டியிருந்த அதே 20 வாட் தாராளமாகப் போதும். சின்ன மூடிய அறையில் ஆழமான பேஸ் தானாகவே கொஞ்சம் கூடிக் கேட்கும் என்பதால் பெரிய ஊஃபரும் தேவைப்படாது.

கம்பெனி கேபின் வந்தாலும் இங்கே இன்னும் உள்வேலை நடக்கும். பிளைவுட் அடிக்கும் முன்பே பட்டறையில் நான்கு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்: கன்வெர்ட்டர் உட்காரக் காற்றோட்டமான இடம், பேட்டரிப் பெட்டியிலிருந்து பவர் கேபிளுக்கு ஒரு பைப், எதிர்ப்பக்கம் பாட்டுக் கம்பிக்கு இன்னொரு பைப், மேல் பலகைக்குப் பின்னால் ஸ்பீக்கருக்கு நாலு பக்கமும் மூடிய பெட்டி. பலகை அடிப்பதற்கு முன்னால் இது சின்ன வேலை. அடித்த பிறகு என்றால் கேபினைப் பிரிக்க வேண்டும். சேசிஸ் பட்டறைக்குள் வரும் அன்றே ஆட்டோ எலக்ட்ரீசியனையும் கூப்பிட்டு உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.